மூன்றெழுத்துச் சொற்களை வாசிக்கப் பழக்குவது எப்படி: குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளை அ, ஆ தொடங்கி ஃ வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடும், க, ங, ச வரிசையையும் பாட்டாகவே பாடிவிடும், ஆனால் ஒரு தாளில் 'படம்' என்று எழுதிக் காட்டி வாசிக்கச் சொன்னால் "ப... ட... இம்..." என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். எழுத்து மூன்றும் தெரியும். படம் என்றால் என்னவென்றும் தெரியும். எழுத்திலிருந்து சொல்லுக்கு வரும் வழிதான் தெரியவில்லை. மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் நான், பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டத்துக்கு, 90 சதவீதத்துக்கும் மேல். அப்படியென்றால் அநேகமாக எல்லா வீட்டிலும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் உண்டு. எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் குழப்பம். அதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது

'படம்' என்ற சொல்லில் 'இம்' என்று ஒரு சத்தமே கிடையாது. நாம்தான் மெய்யெழுத்தை இக், இங், இச் என்று சொல்லிப் பழக்குகிறோம், ஏனென்றால் மெய்யைத் தனியாக உச்சரிக்க முடியாது, முன்னால் ஒரு உயிர் வேண்டும். எழுத்தின் பெயராக அது சரிதான். ஆனால் பிள்ளை அந்தப் பெயரையே சொல்லுக்குள் கொண்டுவந்து வைக்கிறது, ப-ட-இம் என்கிறது, அந்த மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் படம் வராது.

ஆகவே மூன்றெழுத்து வாசிப்பு முழுக்க ஒரே விஷயத்தில்தான் நிற்கிறது: புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, தனக்கு முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ட-வும் ம்-மும் சேர்ந்து 'டம்'. ட-வும் ல்-லும் சேர்ந்து 'டல்'. இது பிள்ளையின் வாய்க்குப் பழகிவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். பழகாமல் 247 எழுத்தையும் மனப்பாடம் செய்தாலும் வாசிப்பு வராது.

முதலில் காது, அப்புறம்தான் கண்

தாளையும் சிலேட்டையும் எடுப்பதற்கு முன்னால் சில நாள் வெறும் பேச்சு விளையாட்டு போதும். குளிக்க வைக்கும்போதோ சோறு ஊட்டும்போதோ "நான் ஒரு சொல்லைப் பிரிச்சுச் சொல்லுவேன், நீ சேர்த்துச் சொல்லணும் மக்களே" என்று தொடங்குங்கள். "க... டல்." பிள்ளை "கடல்" என்று சொல்ல வேண்டும். "ம... ரம்." "ப... ழம்." "கு... ளம்." நன்றாகக் கவனியுங்கள், நான் க-ட-ல் என்று மூன்றாகப் பிரிக்கவில்லை, க, டல் என்று இரண்டாகத்தான் பிரிக்கிறேன். தமிழ்ச் சொல் காதில் அப்படித்தான் விழுகிறது.

இது சட்டென்று வந்துவிட்டால் திருப்பிப் போடுங்கள். "மணல், இதை நீ பிரிச்சுச் சொல்லு பாப்போம்." ம, ணல் என்று வந்துவிட்டால் பிள்ளை தயார். ஐந்து வயதை ஒட்டிய பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வரும். மூன்று வயதுப் பிள்ளைக்கு வரவில்லை என்றால் கவலையே வேண்டாம், கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள், எழுத்து எங்கேயும் ஓடிப்போகாது.

ஆறு எழுத்து போதும்

விஜயதசமிக்கு அரிசியில் 'அ' எழுத வைத்துத் தொடங்கியிருப்பீர்கள். நல்லது. அதற்காக அகர வரிசையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்பதில்லை. ங, ஞ எல்லாம் பிள்ளைக்கு இப்போது எதற்கு? அந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் அதன் பேச்சில் மிகக் குறைவு.

ப, ட, ம, க, ல, ர. இந்த ஆறோடு தொடங்குங்கள். வளைவு குறைவு, எழுதவும் சுலபம். இவற்றோடு ம், ல், ர் என்று மூன்று புள்ளி எழுத்துகள். இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை சொல் வருகிறது பாருங்கள்: படம், மடம், மரம், கரம், பலம், கலம், ரகம், கடல், மடல், படல், பகல், மலர். ஒரு பிள்ளை முதல் மாதத்தில் வாசிக்க இது தாராளம்.

எழுத்து அறிமுகத்துக்குச் சுளகில் மணல் பரப்பி விரலால் எழுத வைப்பது இன்றைக்கும் நல்ல வழி, கடற்கரை ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து, அதற்கு மேல் வேண்டாம். முந்தின நாள் எழுத்தைப் பார்த்ததும் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டெழுத்தில் புள்ளியைப் பழக்குவது

இங்கேதான் பொறுமையாக நிற்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க இதிலேயே போனாலும் பரவாயில்லை.

பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஒரு துண்டில் 'க' என்று பெரிதாக எழுதுங்கள், இன்னொரு துண்டில் 'ல்'. முதலில் 'க' மட்டும் பிள்ளை முன்னால் இருக்கட்டும். "க" என்று சொல்லச் சொல்லுங்கள், நிறுத்தாமல் "கஅஅ" என்று இழுக்கச் சொல்லுங்கள். அது இழுத்துக்கொண்டிருக்கும்போதே 'ல்' துண்டை நகர்த்திக்கொண்டு வந்து க-வோடு ஒட்ட வையுங்கள். ஒட்டிய நேரத்தில் நாக்கு மேலே போய்த் தொட வேண்டும். "கஅஅல்." இன்னொரு தடவை, கொஞ்சம் வேகமாக. "கல்." பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அந்த நேரத்தில் நீங்கள் பேசாமல் இருப்பதுதான் நல்லது, அதுவே இன்னொரு முறை செய்து பார்க்கும்.

'ம்' இன்னும் சுலபம். துண்டு வந்து ஒட்டியதும் உதட்டை மூடு, அவ்வளவுதான். டஅஅ, மூடு, டம். ரஅஅ, மூடு, ரம். நீங்களே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள், உதடு மூடுவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது. பிள்ளைக்கும் அதைக் காட்டுங்கள். இந்தச் சமயத்தில் யாரும் 'இம்', 'இல்' என்று வாயைத் திறக்கக் கூடாது. பள்ளியில் அப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று பிள்ளை சொன்னால், "அது அதோட பேரு, சொல்லுக்குள்ள வந்தா இப்படிச் சத்தம் போடும்" என்று சொல்லுங்கள். புரிந்துகொள்ளும்.

கல், பல் என்று முழுச் சொற்கள் சில கிடைக்கும், ஆனால் டம், ரம், டல், லம், கம், லர் என்ற பாதித் துண்டுகளையும் வாசிக்க விடுங்கள். அர்த்தம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம், அடுத்த கட்டத்தில் இவைதான் கைகொடுக்கப் போகின்றன.

மூன்றாவது எழுத்தை முன்னால் வைப்பது

'டம்' என்று வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு முன்னால் ஒரு 'ப' வையுங்கள். ப, டம். படம். அதே 'டம்' அங்கேயே இருக்கட்டும், ப-வை எடுத்துவிட்டு 'வ' வையுங்கள். வடம். சுசீந்திரம் தேரோட்டத்தில் வடம் பிடித்துப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். அப்புறம் 'த'. தடம். இப்படிப் பின்பாதியை நிலையாக வைத்து முன்னெழுத்தை மட்டும் மாற்றினால் பிள்ளை ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரே ஒரு எழுத்தைத்தான் வாசிக்கிறது, பயமே வராது.

'ரம்' வைத்து மரம், கரம், வரம், சரம், தரம், உரம். தோவாளைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சரம் என்றால் பூச்சரம், கண்முன்னால் அம்மா கட்டுவது. 'டல்' வைத்துக் கடல், உடல், மடல். 'யல்' வைத்து வயல், கயல். 'ணம்' வைத்துப் பணம், மணம். 'ளம்' வைத்துக் களம், தளம், வளம். புதிய எழுத்துகளை இந்தக் கட்டத்தில்தான் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்: வ, ய, த, ந, ச, ண, ழ, ள. எழுத்தைத் தனியாக அறிமுகம் செய்து மறுநாளே அது வரும் ஒரு சொல்லையும் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைக்குத் தெரிந்த சொல்லாகப் பார்த்து எடுக்க வேண்டும், ஏனென்றால் தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்றபடி சத்தத்தை மாற்றும். 'கடல்' என்பதில் வரும் க வேறு, 'பகல்' என்பதில் வரும் க வேறு. தனியாகச் சொல்லும்போது ட அழுத்தமாக வரும், படத்துக்கு நடுவில் மெலிந்துவிடும். இதையெல்லாம் விதியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. பிள்ளை முதலில் அழுத்தமாக 'பக்கல்' மாதிரி ஏதாவது சொல்லும், சொன்ன உடனே அதன் காதே திருத்திக்கொள்ளும், "ஓ, பகல்!" என்று. சொல் தெரியாத ஒன்றாக இருந்தால் அந்தக் காது வேலை செய்யாது.

வாசிக்கிறதா, மனப்பாடமா

இதைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள். பாடப்புத்தகத்தில் மரத்தின் படத்துக்குக் கீழே 'மரம்' என்று இருக்கும், பிள்ளை படத்தைப் பார்த்துத்தான் சொல்லும். "ப, ட, இம், படம்" என்று ராகமாகச் சொல்லும் பிள்ளையும் அப்படித்தான், ராகம் நினைவில் இருக்கிறது, கண் எழுத்தின் மேலேயே இல்லை. படத்தைக் கையால் மறையுங்கள்.

அதைவிட நல்ல சோதனை ஒரு எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது. சிலேட்டில் 'படம்' என்று எழுதுங்கள், வாசிக்கட்டும். ப-வை அழித்து ம: மடம். ட-வை அழித்து ர: மரம். ம-வை அழித்து க: கரம். ர-வை அழித்து ல: கலம். க-வை அழித்துப் ப: பலம். ல-வை அழித்து ழ: பழம். எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலெழுத்து மாறும்போது பெரும்பாலான பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள், நடு எழுத்து மாறினால்தான் வழுக்கும். கடைசி எழுத்தையும் மாற்றிப் பாருங்கள்: மணல், மணம். நடுநடுவே 'டபம்', 'லகல்' என்று அர்த்தமே இல்லாத ஒன்றையும் எழுதுங்கள். சிரித்துக்கொண்டே வாசித்துவிட்டால் உண்மையாகவே வாசிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ல, ள, ழ, அப்புறம் ன, ண, ந

எல்லாரும் பயப்படும் இடம் இது. நம் மாவட்டத்தில் பல வீடுகளில் ழ இன்னும் நாக்கில் தெளிவாக இருக்கிறது, அது பெரிய வசதி. இருந்தாலும் ஒரே வாரத்தில் ல, ள, ழ மூன்றையும் கொடுத்துவிடாதீர்கள். ல முதலில், அது நன்றாக ஊறிய பிறகு ழ, அதற்கும் பிறகு ள. பலம், பழம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கேட்பதெல்லாம் இரண்டும் தனித்தனியாகப் பழகிய பிறகுதான். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன விஷயத்திலும் அப்படியே. மணம், மனம் வித்தியாசத்தை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம், வாசிக்கும் பிள்ளையை அதற்காக நிறுத்தாதீர்கள்.

கால், கொம்பு, சுழி

'பாலம்' என்று எழுதிக் காட்டி எத்தனை எழுத்து என்று கேட்டால் பிள்ளை நான்கு என்று எண்ணும், காலையும் தனி எழுத்தாகச் சேர்த்து. 'கோலம்' என்றால் ஐந்து. பிள்ளை மேல் தப்பில்லை, அது பார்க்கிற உருவத்தை எண்ணுகிறது. அதனால் 'பா' என்பதை ஒரே துண்டுத் தாளில், ஒட்டினாற்போல் எழுதிக் கொடுங்கள். ர-வும் காலும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் 'காரம்' மாதிரிச் சொற்களைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுவது நல்லது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஆ: பாலம், பாடம், தாளம், மாதம். பாலம் என்றால் மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திருவள்ளுவர் சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலத்தை. அடுத்து இ, ஈ: அணில், தயிர், நிலம், நீலம். உ, ஊ கொஞ்சம் நேரம் எடுக்கும், கு, து, மு, பு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு உருவம், பொது விதி ஒன்று சொல்ல முடியாது, அடிக்கடி வருகிறதை மட்டும் எடுங்கள்: குளம், முகம், படகு, முயல், குமரி. 'குறள்' கூட மூன்றெழுத்துதான், 133 அடிச் சிலையைப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும்.

கொம்பு வைத்த எழுத்துகளைக் கடைசிக்கு வையுங்கள். மற்ற குறிகள் எழுத்துக்குப் பக்கத்திலோ மேலோ கீழோ வருகின்றன, எ, ஏ, ஐ மூன்றுக்கும் குறி முன்னாலேயே வந்துவிடுகிறது. கண் முதலில் பார்ப்பது கொம்பு, வாய் முதலில் சொல்ல வேண்டியது ம். 'மேளம்' வாசிக்கும் பிள்ளை கொம்பைப் பார்த்துத் திகைத்து நிற்பது இதனால்தான். கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று பழக்குங்கள். மேளம், சேவல், வெயில். இவை வந்துவிட்டால் கோலம், தோணி, கொக்கு கஷ்டமாக இருக்காது.

வீட்டில் பாட்டாவோ ஆச்சியோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் படித்தவர்கள் சிலர் லை, ளை, னை, ணா, றா, னா இவற்றைப் பழைய முறையில் எழுதுவார்கள். பிள்ளைக்கு எழுதிக் காட்டும்போது மட்டும் புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்கள், கதையும் சொல்லும் அவர்களிடமே இருக்கட்டும்.

நடுவில் புள்ளி வரும்போது

நண்டு, சங்கு, சிப்பி, மட்டி, சக்கை (பலா), கப்பை (மரவள்ளிக்கிழங்கு), நுங்கு. எல்லாம் மூன்றெழுத்து, எல்லாம் நம் ஊர்ச் சொல். இங்கே புள்ளி எழுத்து கடைசியில் இல்லை, நடுவில் இருக்கிறது. ஆனாலும் முதலில் சொன்னதே இங்கேயும் செல்லும்: அது தனக்கு முன்னால் இருப்பதோடு ஒட்டும். ஆக நண்-டு, சங்-கு, சக்-கை. கடல் என்றால் க-டல், நண்டு என்றால் நண்-டு. வெட்டுகிற இடம் மட்டும் மாறுகிறது. தாளில் எழுதி, புள்ளி எழுத்துக்கும் அதன் முன்னெழுத்துக்கும் கீழே ஒரு வளைகோடு போட்டுக் கொடுங்கள், எந்தச் சொல்லானாலும். கொஞ்ச நாளில் பிள்ளையே கோடு போடும். அப்புறம் கோடு இல்லாமலேயே வாசிக்கும்.

கடற்கரைப் பிள்ளைக்குப் படகு, நண்டு, சங்கு. குலசேகரம், அருமனைப் பக்கம் என்றால் சக்கை, கப்பை, பழம். புத்தகத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், பிள்ளை கையால் தொட்ட பொருளின் பெயரை முதலில் வாசிக்கக் கொடுங்கள்.

எவ்வளவு நேரம், இங்கிலீஷ் என்ன ஆகும்

நாளுக்குப் பத்து நிமிஷம். பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிடுவது நல்லது. பள்ளிவிட்டு வந்த உடனே வேண்டாம், காப்பியோ பாலோ குடித்து, கொஞ்சம் ஓடி விளையாடிவிட்டு வரட்டும். தப்பாக வாசித்தால் "தப்பு" என்று சொல்லாமல் அந்த எழுத்தின் கீழே விரலை வையுங்கள், அதுவே பார்த்துத் திருத்தும். அடிப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது இரண்டும் கூடவே கூடாது, அப்படிப் பயந்த பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்த்து ஊகிக்கக் கற்றுக்கொள்ளும்.

இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை 'சி, ஏ, டி, கேட்' என்று எழுத்தின் பெயரைச் சொல்லிப் பழகியிருக்கும். அங்கே எழுத்தின் பெயர் வேறு, சத்தம் வேறு. தமிழில் ப என்றால் ப-தான், ட என்றால் ட-தான். முன்னே சொன்ன அழுத்தம், மெலிவைத் தவிர, புள்ளி எழுத்தில் மட்டும்தான் பெயரும் சத்தமும் பிரிகின்றன. அதனால் தமிழில் முதலில் வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு, எழுத்தைச் சத்தமாக்கிச் சேர்த்தால் சொல் வரும் என்கிற விஷயம் சீக்கிரம் பிடிபடும், அது இங்கிலீஷுக்கும் உதவும். இரண்டையும் ஒரே பத்து நிமிஷத்தில் கலக்காமல் இருந்தால் போதும்.

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால், 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை எதில் இருக்கிறது, இப்போது எந்த எழுத்துகள் போகின்றன என்று டீச்சரிடம் கேட்டு, வீட்டிலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகுப்புக்கு வந்தும், மாதக்கணக்கில் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தும் 'கல்', 'மரம்' கூடச் சேரவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால் வகுப்பு டீச்சரிடம் சொல்லி, வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கக் கேளுங்கள். சோம்பேறி என்று பெயர் வைத்துவிடாதீர்கள், சில பிள்ளைகளுக்கு எழுத்தும் சத்தமும் சேர வேறு மாதிரி உதவி தேவைப்படும்.

மூன்றெழுத்து நன்றாக ஓடத் தொடங்கியதும் பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பஸ்ஸில் கூட்டிப் போங்கள். ஆளூர், தோவாளை மூன்றெழுத்து. வடசேரி, தக்கலை, முட்டம் எல்லாம் நான்கு. 'விளை' என்று ஒரு துண்டு வாசிக்கத் தெரிந்துவிட்டால் திட்டுவிளை, களியக்காவிளை என்று வழியெல்லாம் போர்டில் அது வரும், 'கோடு' தெரிந்தால் விளவங்கோடு, திருவிதாங்கோடு. நீளமான பெயரைக் கண்டு மிரண்டால் அதற்குத் தெரிந்த துண்டை மட்டும் தேடச் சொல்லுங்கள், மீதியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.